மங்கல் கணங்களும் நிர்வாக முடிவும்: கொல்கத்தா மழைநீர் காட்டும் பாடம்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே அமைந்த குடியிருப்புப் பகுதி லேக் கார்டன்ஸ். ஏரிக்கும் இப்பகுதிக்கும் இடையே பட்ஜ் பட்ஜ் செல்லும் ரயில் பாதை ஓடுகிறது. கிழக்கே ஜோத்பூர் பார்க், தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தென் கொல்கத்தாவின் பல தெருக்களில் நீர் தேங்குவது வழக்கமே. எனினும் 2025 செப்டம்பர் 22 இரவிலும் 23 அதிகாலையிலும் பெய்த மழை வழக்கத்தை மீறியதாக அமைந்தது. அலிப்பூர் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 251.4 மி.மீ. மழை பதிவாயிற்று. லேக் கார்டன்ஸை அடுத்த ஜோத்பூர் பார்க்கில் மாநகராட்சியின் மழைமானி 285 மி.மீ. காட்டியது. அம்மழையின்போது தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்ததால் நகரில் பலர் உயிரிழந்தனர்.

இத்தகைய இரவுகளில் நிர்வாகம் அடுத்தடுத்து முடிவுகள் எடுக்க வேண்டியுள்ளது. எத்தனை பம்புகளை இயக்குவது, ஆற்று மதகுகளை எப்போது மூடுவது, எந்தத் தெருவில் மின்சாரத்தை நிறுத்துவது, மக்களை எப்போது எச்சரிப்பது என்பன அவற்றுட் சில. இவற்றுக்கு வேண்டிய செய்திகளில் ஒரு பகுதியே எண்களாக வருகிறது. எஞ்சியவை “மழை வலுத்து வருகிறது”, “நீர் முழங்காலை நெருங்குகிறது”, “ஆறு ஏறத் தொடங்கிவிட்டது” என்னும் சொற்களாகவே வருகின்றன. அனுபவமிக்க பொறியாளர் இச்சொற்களைக் கொண்டே சரியான முடிவுக்கு வந்துவிடுகிறார். அவருடைய இந்த அறிவைக் கணிப்பொறியிற் பதித்து, அவர் இல்லாத வேளையிலும் பயன்படுத்த முடியுமா? முடியும் என்பதற்கு வழிகாட்டுவதே மங்கல் வல்லுநர் அமைப்பு. அதன் அடிப்படை, அமைப்பு, பயன், வரம்பு ஆகியவை இங்கே விளக்கப்படுகின்றன.

எல்லைக்கோட்டின் இடர்ப்பாடு

இந்திய வானிலைத் துறை ஒரு நாளில் பெய்யும் மழையை அளவுக்கேற்பப் பெயரிட்டு வகைப்படுத்துகிறது. 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. நாடு முழுவதும் ஒரே பொருளில் எச்சரிக்கை வழங்க இத்தகைய வகைப்பாடு இன்றியமையாதது.

ஆயினும் இதன் விளைவு ஒன்று கவனத்திற்குரியது. 64.4 மி.மீ. பெய்தால் அது மிதமான மழை, 64.5 மி.மீ. பெய்தால் கனமழை. ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, மழையின் பெயரையே மாற்றிவிடுகிறது. வடிகாலுக்கோ இவ்விரு மழைகளிடையே யாதொரு வேறுபாடும் தெரியாது. மறுபுறம் 65 மி.மீ. மழையும் 115 மி.மீ. மழையும் ஒரே பெயரைப் பெறுகின்றன. வடிகாலுக்கு இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை.

இவ்விடர்ப்பாடு மழைக்கு மட்டும் உரியதன்று. வறுமைக்கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே வருமானமுள்ள குடும்பம், ஒரு ரூபாய் கீழே உள்ள குடும்பம் என்று பிரிக்கும்போதும் இதே நிலை எழுகிறது. மண்ணின் வளம், நீரின் தூய்மை, நோயின் தீவிரம் ஆகியவற்றை வகைப்படுத்தும் அலுவலர் யாவரும் இதனை அறிவர்.

மங்கல் கணம்

பள்ளியில் கற்பிக்கப்படும் கணக் கோட்பாட்டின்படி, ஒரு பொருள் ஒரு கணத்தின் உறுப்பாக இருக்கும், அல்லது இராது. உறுப்பு எனில் 1, அன்று எனில் 0. இடைநிலைக்கு இடமில்லை. 1965-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோட்ஃபி ஸாடே இவ்வரையறையைத் தளர்த்தினார். ஒரு பொருள் ஒரு கணத்தில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எந்த அளவிலும் சேர்ந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. இதனையே ஆங்கில வழக்கில் ‘ஃபஸ்ஸி’ கணம் என்பர். தமிழில் மங்கல் கணம் எனலாம். ஒரு பொருள் கணத்தில் எந்த அளவுக்குச் சேர்ந்துள்ளது என்பதைச் சேர்வளவு என்னும் சொல்லால் குறிப்போம்.

எடுத்துக்காட்டாக, “கனத்த மழை” என்னும் கணத்தைக் கருதுவோம். மணிக்கு 10 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான மழைக்குச் சேர்வளவு 0 என்றும், 40 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மழைக்கு 1 என்றும், இடையே சீராக உயர்கிறது என்றும் கொள்வோம். அவ்வாறாயின் மணிக்கு 25 மி.மீ. மழையின் சேர்வளவு 0.5. அது பாதியளவு கனத்த மழை; அதே வேளையில் பாதியளவு கனமல்லாத மழை.

இதனை நிகழ்தகவோடு குழப்பிக்கொள்ளலாகாது. “நாளை கனமழை பெய்வதற்கான நிகழ்தகவு 0.6” என்பது இனி நடக்கவிருப்பது பற்றிய ஐயத்தைக் கூறுகிறது. மழை பெய்து முடிந்ததும் அவ்வையம் நீங்கிவிடும். “பெய்துள்ள மழை 0.6 அளவுக்குக் கனத்தது” என்பதில் ஐயம் ஏதுமில்லை, மழையின் அளவு துல்லியமாகத் தெரியும். “கனத்தது” என்னும் சொல்லின் எல்லைதான் மங்கலானது. முன்னது நிகழ்ச்சியைப் பற்றியது. பின்னது பொருளைப் பற்றியது. மாணவர்கள் இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

வல்லுநர் அமைப்பின் உறுப்புகள்

ஒரு துறையின் வல்லுநர் பெற்றுள்ள அறிவை விதிகளாகத் தொகுத்து, அவற்றைக் கொண்டு முடிவுகளை ஊகித்துக் கூறும் கணிப்பொறி நிரலே வல்லுநர் அமைப்பு. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ‘மைசின்’ இவ்வகையில் புகழ்பெற்றது. இரத்தத்தில் பரவும் நுண்ணுயிர்த் தொற்றுகளை அறியவும், ஏற்ற மருந்தைப் பரிந்துரைக்கவும் அது வகுக்கப்பட்டது. “ஏன் இவ்வாறு கூறுகிறாய்?” என்று மருத்துவர் கேட்டால், தான் பின்பற்றிய விதிகளை அது எடுத்துக்காட்டும்.

வல்லுநர் அமைப்புக்கு மூன்று உறுப்புகள் முதன்மையானவை: விதிகளைக் கொண்ட அறிவுத் தொகுப்பு, அவ்விதிகளைப் பயன்படுத்தி முடிவு காணும் ஊகப் பகுதி, முடிவுக்கான காரணத்தை எடுத்துரைக்கும் விளக்கப் பகுதி. விதிகளில் வரும் சொற்களை மங்கல் கணங்களாக அமைத்தால் அது மங்கல் வல்லுநர் அமைப்பு ஆகிறது.

இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1970-களின் நடுப்பகுதியில் லண்டன் குயீன் மேரி கல்லூரியில் இப்ராகிம் மம்தானியும் அவர் மாணவர் அசிலியனும், சிறியதொரு நீராவி எந்திரத்தை, அதனை இயக்குபவர் பேசும் சொற்களால் ஆன விதிகளைக் கொண்டே கட்டுப்படுத்திக் காட்டினர். டென்மார்க்கில் சிமெண்டு சூளைகளுக்கும் இம்முறை பயன்பட்டது. 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலில், வண்டியை ஓட்டவும் நிறுத்தவும் மங்கல் விதிகள் கையாளப்பட்டன.

கொல்கத்தாவின் பங்கு

மங்கல் கணங்களை ஆராய்வதில் கொல்கத்தா தொடக்கத்திலேயே முனைந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1931-இல் பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், துவிஜேஷ் தத்த மஜும்தாரும் சங்கர் குமார் பாலும் 1970-களிலேயே இத்துறையில் ஈடுபட்டனர். தெலுங்கு மொழியின் உயிரொலிகளைக் கணிப்பொறி கொண்டு இனங்காண மங்கல் கணங்களைப் பயன்படுத்திய அவர்களது ஆய்வுரை 1977-இல் வெளிவந்தது. ஒருவர் ஒலிக்கும் ‘எ’, மற்றொருவர் ஒலிக்கும் ‘இ’யை ஒத்திருக்கக்கூடும். ஒலிகளுக்கிடையே கறாரான வேலி இல்லாத இடத்தில், சேர்வளவு என்னும் கருத்து பொருந்தி வந்தது. வடிவங்களை இனங்காண மங்கல் கணிதத்தைப் பயன்படுத்துவது குறித்து இவ்விருவரும் எழுதிய நூல் 1986-இல் வெளியாயிற்று.

அதே ஆண்டில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் அறிவுசார் கணிப்பொறி அமைப்புகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. பட ஆய்வுக்கான மையமாக இந்தியப் புள்ளியியல் நிறுவனமும், வல்லுநர் அமைப்புகளுக்கான மையமாகச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமைந்தன. 1990-களில் சுஷ்மிதா மித்ராவும் சங்கர் குமார் பாலும், மங்கல் கணங்களையும் நரம்பு வலைகளையும் இணைத்து, எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிகளைத் தாமே கண்டறியும் அமைப்புகளை வகுத்தனர். கல்லீரல், பித்தப்பை சார்ந்த நோய்களை வேறுபடுத்தி அறிய அவை சோதிக்கப்பட்டன. வல்லுநரிடம் கேட்டு விதிகளை எழுதுவது ஒரு வழி. பழைய பதிவுகளிலிருந்து விதிகளை வருவிப்பது மற்றொரு வழி. இரண்டாம் வழிக்குக் கொல்கத்தாவின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டு

இனி லேக் கார்டன்ஸுக்குத் திரும்புவோம். கொல்கத்தாவின் நிலமட்டம் ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்து கிழக்கு நோக்கித் தாழ்ந்து செல்கிறது. மழைநீரின் பெரும்பகுதி பம்புகளால் ஏற்றப்பட்டுக் கிழக்கே உள்ள கால்வாய்களில் விடப்படுகிறது. ஒரு பகுதி ஹூக்ளியையும், தென்பகுதியில் ஓடும் ஆதி கங்கை என்னும் டாலி நாலாவையும் சேர்கிறது. ஹூக்ளி கடலோதத்திற்கு உட்பட்ட ஆறு. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும்போது, ஆற்று நீர் நகருக்குள் புகாதிருக்க மதகுகளை மூட வேண்டும். அந்நேரத்தில் மழை பெய்தால் நீர் வெளியேற வழி குறைகிறது. நகரின் பழைய வடிகால்கள் மணிக்குக் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மி.மீ. மழையை ஏற்கும் வகையில் திட்டமிடப்பட்டவை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆகவே மழையின் வேகம், மதகு மூட எஞ்சியுள்ள நேரம், தெருவில் தேங்கிய நீரின் ஆழம் ஆகிய மூன்றும் முடிவுக்கு அடிப்படையாகின்றன. கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை.

“கனத்த மழை”க்கு மேற்கூறிய வரையறையையே கொள்வோம். “மதகு மூடும் நேரம் நெருங்கியது” என்பதற்கு, 180 நிமிடமோ அதற்கு மேலோ எஞ்சியிருந்தால் 0, 60 நிமிடமோ அதற்குக் குறைவோ எனில் 1. “ஆழ்ந்த நீர்” என்பதற்கு 10 செ.மீ. வரை 0, 30 செ.மீ. முதல் 1. இனி நான்கு விதிகளை எழுதுவோம்.

1. மழை கனத்தது, மதகு மூடும் நேரமும் நெருங்கியது எனில், முழு நடவடிக்கை.
2. மழை கனத்தது, ஆனால் மதகு மூடும் நேரம் நெருங்கவில்லை எனில், நடுத்தர ஆயத்தம்.
3. மழை கனமில்லை, நீரும் ஆழமில்லை எனில், கண்காணிப்பு.
4. நீர் ஆழ்ந்தது எனில், முழு நடவடிக்கை.

ஒரு விதியில் இரு நிபந்தனைகள் சேர்ந்து வந்தால், அவற்றின் சேர்வளவுகளுள் சிறியதே விதியின் வலிமை. “இல்லை” என வருமிடத்தில் சேர்வளவை 1-லிருந்து கழிக்க வேண்டும். ஒரே முடிவை இரு விதிகள் கூறினால் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவு 2 மணிக்கு மழை மணிக்கு 28 மி.மீ., மதகு மூட 96 நிமிடம், நீரின் ஆழம் 18 செ.மீ. எனக் கொள்வோம். சேர்வளவுகள் முறையே 0.6, 0.7, 0.4. முதல் விதியின் வலிமை 0.6, இரண்டாவது 0.3, மூன்றாவது 0.4, நான்காவது 0.4. எனவே முழு நடவடிக்கைக்கு 0.6, நடுத்தர ஆயத்தத்துக்கு 0.3, கண்காணிப்புக்கு 0.4. இம்மூன்று நிலைகளுக்கும் முறையே 90, 50, 20 என மதிப்பளித்து, வலிமைக்கேற்ப எடையிட்ட சராசரி கண்டால் 59 கிடைக்கிறது. அரை மணி நேரத்திற்குப் பின் மழை 37 மி.மீ., எஞ்சிய நேரம் 66 நிமிடம், ஆழம் 24 செ.மீ. எனில், அதே கணக்கு 81-ஐத் தருகிறது.

இதே நிலையைக் கறாரான எல்லைகளைக் கொண்டு பார்ப்போம். மழை 30 மி.மீ.-ஐத் தாண்டினால், அல்லது மதகு மூட 90 நிமிடத்திற்குக் குறைந்தால், அல்லது ஆழம் 20 செ.மீ.-ஐத் தாண்டினால் மட்டுமே நடவடிக்கை என்று ஆணை இருப்பதாகக் கொள்வோம். 2 மணிக்கு இம்மூன்றில் ஒன்றும் நிறைவேறவில்லை. ஆகவே கறாரான விதியின்படி செய்வதற்கு ஒன்றுமில்லை. 2.30-க்கு மூன்றும் ஒருசேர நிறைவேறுகின்றன. அப்போது முழு அபாய அறிவிப்பு. மூன்று அளவுகளும் எல்லையை நெருங்கி நின்ற அந்த அரை மணி நேரம் வீணாகிறது. மங்கல் அமைப்பு அவ்வேளையில் 59 என்று கூறி, பம்பு இயக்குநரை எழுப்பவும் ஆட்களை அனுப்பவும் காலம் தருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதாகத் தோன்றி, கூடும்போது பெரிதாகும் இடர்களை உணர்வதே இம்முறையின் தலையாய பயன்.

விளக்கப் பகுதியும் இங்கே உதவுகிறது. 59 என்னும் எண்ணோடு, “முதல் விதி 0.6 வலிமையுடன் முன்னிற்கிறது, மதகு நேரம் நெருங்கியதே முதன்மைக் காரணம்” என்றும் அமைப்பு எழுதித் தரும். மறுநாள் விசாரணை நடந்தால் முடிவின் அடிப்படை கோப்பில் இருக்கும்.

விதிகளை வகுப்பவர் யார்?

கருவி எத்துணை நுட்பமாயினும், சேர்வளவுகளை வகுப்பவர் மனிதரே. “ஆழ்ந்த நீர்” 30 செ.மீ.-இல் முழுமை பெறுகிறது என்று மேலே கொள்ளப்பட்டது. மாடி வீட்டில் வாழ்பவருக்கு அது பொருந்தலாம். தரைமட்டக் குடிசையில் பாய் விரித்து உறங்குபவருக்கு 10 செ.மீ. நீரே ஆழம். தெருவோரக் கடைக்காரர், நடக்கத் தொடங்கிய குழந்தை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகிய ஒவ்வொருவருக்கும் அச்சொல்லின் பொருள் வேறுபடும். எனவே சேர்வளவுகளை அலுவலக அறையில் மட்டும் வகுப்பது முறையன்று. பம்பு நிலையப் பணியாளர், வார்டு உறுப்பினர், தாழ்ந்த தெருக்களில் வாழ்வோர் ஆகியோரைக் கலந்தே அவற்றை நிர்ணயிக்க வேண்டும். வல்லுநர்களிடையே கருத்து வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டை மறைக்காமல் பதிவு செய்தல் நலம்.

விதிகளின் எண்ணிக்கையும் கருத்திற்கொள்ளத்தக்கது. மூன்று அளவைகளுக்கு மும்மூன்று நிலைகள் எனில் 27 விதிகள் தேவைப்படலாம். ஐந்து அளவைகள் எனில் 243. விதிகள் பெருகப் பெருக, அமைப்பைப் புரிந்துகொள்வோர் குறைவர். பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு சோதித்து, தேவையற்ற விதிகளை நீக்க வேண்டும். கொல்கத்தா மாநகராட்சி 2018-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பைத் தொடங்கியது. பம்பு நிலையங்களிலும் கால்வாய்களிலும் பொருத்தப்பட்ட உணரிகள் தரும் தொடர்ந்த பதிவுகள் இத்தகைய சோதனைக்கு ஏற்ற கருவூலமாகும்.

மங்கலாக்கக் கூடாதவை

எல்லா எல்லைகளையும் மங்கலாக்குவது அறிவுடைமையன்று. மின்கம்பி அறுந்து தேங்கிய நீரில் விழுந்துள்ளது என்னும் செய்தி வந்தால், அத்தெருவின் மின்சாரத்தை உடனே நிறுத்த வேண்டும். அங்கே 0.4 என்றும் 0.6 என்றும் சராசரி காண்பது பெரும் பிழையாகும். தவறான எச்சரிக்கையால் நேரும் இழப்பு சில மணி நேர இருள். தவறிய எச்சரிக்கையால் நேரும் இழப்பு உயிர். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடையிடலாகாது. இத்தகைய இடங்களில் கறாரான விதி முதலிடம் பெற வேண்டும். மங்கல் அமைப்பின் எண் அதனை மீறலாகாது.

சட்டம் வகுத்த உரிமைகளும் இவ்வாறே. வாக்களிக்கும் வயது 18 என்பதை மங்கலாக்கினால் குடிமக்களின் சமத்துவம் குலையும். எல்லையருகே நிற்பவருக்கு அது கடுமையாகத் தோன்றினும், அனைவருக்கும் ஒன்றாக இருப்பதே அதன் நியாயம். ஆகவே உரிமை, உயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றில் கறாரான கோடும், ஆயத்தம், முன்னுரிமை, ஆட்களையும் கருவிகளையும் பங்கிடுதல் ஆகியவற்றில் மங்கல் அளவும் பொருந்தும் எனலாம்.

முடிவுரை

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதைத் தமிழக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பது பின்னர் நெடிய விவாதத்திற்கு உள்ளாயிற்று. ஏரியின் மட்டம், வரத்து, எதிர்பார்க்கும் மழை, ஆற்றின் கொள்ளளவு ஆகியவற்றைச் சேர்த்து எடையிட வேண்டிய முடிவு அது. லேக் கார்டன்ஸின் தெருநீரும் செம்பரம்பாக்கத்தின் ஏரிநீரும் அளவால் வேறுபட்டவையே. எனினும் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை காத்திருப்பதா, நெருங்கும்போதே சிறிது சிறிதாகச் செயற்படுவதா என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானது.

மங்கல் வல்லுநர் அமைப்பு அலுவலரின் இடத்தை எடுத்துக்கொள்வதன்று. பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெறும் பம்பு நிலைய இயக்குநரோடு அவரது அறிவும் போய்விடாதபடி காப்பது அதன் முதற் பணி. “கனத்தது”, “நெருங்கியது”, “ஆழ்ந்தது” என்று நாள்தோறும் வழங்கும் சொற்களுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதை எண்ணால் எழுதி, யாவரும் கண்டு வினவ வகை செய்வது அதன் இரண்டாவது பணி. எழுதப்பட்ட விதியைத் திருத்தலாம். ஒருவர் மனத்துள் மட்டும் இருக்கும் விதியைத் திருத்த இயலாது. கருவி கூறும் எண்ணைக் கேட்டபின் கையொப்பமிடுபவர் அலுவலரே; அதற்குப் பொறுப்பேற்பவரும் அவரே.